ரவை, உருண்டை, ஸ்லக்: வேட்டைத் துப்பாக்கியின் ஒற்றைக் குண்டு எப்படிப் பறக்கிறது?

கொள்ளிடக் கரை ஊர்களில் காட்டுப்பன்றிப் பேச்சு எடுத்தால் அடுத்த பேச்சு துப்பாக்கிக்குத்தான் போகும். கரும்பையும் கடலையையும் ஒரே ராத்திரியில் கிளறிப் போட்டுவிட்டுப் போயிருந்தால் யாருக்குத்தான் கோபம் வராது? கோபம் நியாயம். ஆனால் அந்தக் கோபத்தில் துப்பாக்கியைப் பற்றிச் சொல்லப்படுவதில் பாதி தவறு. "பன்னெண்டு போர்தானே, நூறு கெஜம் தாண்டாது" என்பார் ஒருவர். "குண்டுத் தோட்டா போட்டா ரைஃபிள் மாதிரியே போகும்" என்பார் இன்னொருவர். "ஸ்லக்குல புரி இருக்கே, அது திருகிக்கிட்டே போகும்" என்று மூன்றாமவர் முடிப்பார். மூன்றும் சரியில்லை. முதலாவது, உயிரை வாங்கக்கூடிய தவறு.

நம் நாட்டில் 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டைக்குத் தடை இருக்கிறது. ஆகவே இது வேட்டைக்கு வழிகாட்டி அல்ல. உரிமத் துப்பாக்கி வீட்டில் இருப்பவர்களும், பக்கத்து வயலில் யாரோ சுடுகிறார் என்றால் அஞ்ச வேண்டுமா என்று கேட்பவர்களும், அந்தக் குண்டு என்ன செய்யும் என்பதைச் சரியாகத் தெரிந்துகொள்வதற்காக எழுதுகிறேன்.

தோட்டாவுக்குள் என்ன இருக்கிறது?

தேர்தல் அறிவித்ததும் காவல் நிலையத்தில் கொண்டுபோய் ஒப்படைக்கிறார்களே, அந்த ஒற்றைக்குழல், இரட்டைக்குழல் துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றின் குழல் உள்ளே வழவழப்பாக இருக்கும். இந்தக் கட்டுரையில் வேட்டைத் துப்பாக்கி என்றால் அதுதான். ரைஃபிள் வேறு. அதன் குழலுக்குள் நீளவாக்கில் சுருள் சுருளாகப் பள்ளம் வெட்டியிருப்பார்கள். குண்டு அந்தப் பள்ளத்தைப் பற்றிக்கொண்டு சுழன்றபடி வெளியேறும். இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபம்.

தோட்டா என்பது முழுப் பொட்டலம். அடியில் பித்தளை மூடி, அதன் நடுவில் அடிபட்டதும் பொறி கக்கும் கேப்பு, மேலே காகிதத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆன குழாய். குழாய்க்குள் முதலில் மருந்து. அதற்கு மேல் வாட் எனப்படும் அடைப்பு; மருந்து எரிந்து கிளம்பும் வாயு பக்கவாட்டில் கசியாமல் இது தடுக்கும். அதற்கும் மேலேதான் சுடப்படும் ஈயம்.

அந்த ஈயம் மூன்று வடிவில் வரலாம். பல சிறு மணிகளாக இருந்தால் ரவை. ஒரே ஒரு கோளமாக இருந்தால் உருண்டைக் குண்டு. கோளமாக இல்லாமல், பறப்பதற்கென்றே வடிவமைத்த ஒற்றைக் கட்டியாக இருந்தால் ஸ்லக். கடைசி இரண்டும்தான் இன்றைய பேச்சு. ரவையைத் தெரிந்துகொள்ளாமல் அவை புரியாது என்பதால் அதையும் கொஞ்சம் பார்ப்போம்.

12 போர் என்பது என்ன கணக்கு?

பன்னிரண்டு ரவை உள்ள தோட்டா என்று சிலர் நினைக்கிறார்கள். பன்னிரண்டு மில்லிமீட்டர் என்று சிலர். இரண்டும் இல்லை. ஒரு பவுண்டு, அதாவது 454 கிராம் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால் ஓர் உருண்டை எந்தக் குழலுக்குள் கச்சிதமாக நுழையுமோ அது 12 போர். அதன் உள்விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர். பதினாறாகப் பிரித்தால் உருண்டை சிறுக்கும், குழலும் குறுகும். 16 போர் சுமார் 16.8 மில்லிமீட்டர்தான். எண் கூடக் கூடக் குழல் சிறியது என்பது முதலில் தலைகீழாகத் தோன்றும். கணக்கு தெரிந்துவிட்டால் குழப்பம் இல்லை.

இந்தக் கணக்கிலேயே ஒரு வரலாறு இருக்கிறது. துப்பாக்கிக் குழலை உருண்டைக் குண்டை வைத்து அளந்த காலம் அது. வழவழப்பான குழலில் ஒற்றை உருண்டை போட்டுச் சுடுவது ரைஃபிள் பரவுவதற்கு முன் உலகம் முழுக்க இருந்த வழக்கம்.

ரவை ஏன் சீக்கிரம் களைக்கிறது, குண்டு ஏன் களைப்பதில்லை?

வெள்ளைக்காரர் காலத்தில் நெல் வயல்களில் வேட்டைத் துப்பாக்கியோடு இறங்கியவர்கள் தேடியது உள்ளானையும் கிளுவையையும். பறக்கும் சின்னப் பறவைக்கு நூற்றுக்கணக்கான பொடி ரவை வேண்டும். 6-ம் நம்பர் ரவை ஒன்றின் எடை ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்குதான். முப்பது, நாற்பது மீட்டர் போவதற்குள் காற்று அதன் வேகத்தைப் பெருமளவு தின்றுவிடும்.

காரணம் எளிது. ஈய உருண்டையின் விட்டத்தை இரண்டு மடங்காக்கினால், காற்றை எதிர்க்கும் முகம் நான்கு மடங்காகும். எடையோ எட்டு மடங்காகும். ஆகவே பெரிய உருண்டையை நிறுத்துவது காற்றுக்குக் கஷ்டம். பொடி ரவை அடங்கும் தூரத்தைக் குண்டு அலட்டிக்கொள்ளாமல் தாண்டும்.

இரண்டுக்கும் நடுவில் எல்.ஜி., எஸ்.ஜி. என்று கடையில் கேட்டு வாங்கும் பெரிய ரவைகள் உண்டு. எஸ்.ஜி. ரவையின் விட்டம் சுமார் 8.4 மில்லிமீட்டர், எடை மூன்றரை கிராம் அளவில். ஒரு தோட்டாவில் ஒன்பது போல இருக்கும். பன்றி அளவுள்ள விலங்குக்கு இது போதும் என்று பலர் நம்புகிறார்கள். மிக அருகில் என்றால் வேலை செய்யும். ஆனால் தூரம் போகப் போக ஒன்பதும் விரிந்துகொண்டே போகும். நாற்பது மீட்டரில் இரண்டு, மூன்று ரவைதான் உடம்பில் பட்டது என்றால், விலங்கு விழாது. காயத்தோடு மூங்கில் கொத்துக்குள் போய் நாள் கணக்கில் சாகும். காயம்பட்ட பன்றி மறுநாள் விறகு பொறுக்கப் போகிறவர் எதிரில் வந்தால் என்ன ஆகும் என்பதைப் படுகை ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெரிய விலங்குக்கு ஒற்றைக் குண்டு என்ற யோசனை வந்தது இதனால்தான்: மொத்த எடையும் ஒரே இடத்தில், ஆழமாகப் பட வேண்டும்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: ரவை பரவும், சீக்கிரம் வேகம் இழக்கும். ஒற்றைக் குண்டு பரவாது, வேகத்தை வைத்துக்கொள்ளும். அப்படியானால் குறி பார்த்த இடத்தில் போய் விழுமா? சிக்கல் அங்கேதான்.

உருண்டை ஏன் வளைந்து போகிறது?

உருண்டைக் குண்டைக் குழலுக்குள் இம்மி இடைவெளி இல்லாமல் போட முடியாது. கொஞ்சம் சிறியதாகத்தான் வார்ப்பார்கள். அதனால் குழலுக்குள் போகும்போதே அது இந்தச் சுவரிலும் அந்தச் சுவரிலும் உரசும். எந்தப் பக்கம் கடைசியாக உரசியதோ அதற்குத் தகுந்தபடி ஒரு சுழற்சியோடு வெளியே வரும். சுழலும் உருண்டை காற்றில் நேராகப் போகாது. ஒரு பக்கம் காற்றை இழுத்துக்கொண்டும் மறுபக்கம் எதிர்த்துக்கொண்டும் போவதால் ஒருபுறமாக ஒதுங்கும். ஒவ்வொரு சூட்டிலும் சுழற்சியின் திசை மாறுவதால் ஒதுங்கும் திசையும் மாறும். முதல் குண்டு இடப்பக்கம் போனது என்று அடுத்ததைச் சரிசெய்யவும் வழியில்லை.

இதை ஆராய்ந்து சொன்னவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர். பீரங்கிக் கலையைப் பற்றி 1742-ல் நூல் எழுதியவர். சுழற்சிதான் காரணம் என்று நிரூபிக்க அவர் செய்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு துப்பாக்கிக் குழலின் நுனியை வேண்டுமென்றே இடப்பக்கமாக வளைத்தார். எதிரே வரிசையாகக் காகிதத் திரைகளைத் தொங்கவிட்டுச் சுட்டார். குழல் இடப்பக்கம் வளைந்திருப்பதால் முதல் திரையில் ஓட்டை இடப்பக்கம் விழுந்தது. ஆனால் போகப் போகக் குண்டு வலப்பக்கம் திரும்பி, நேர்க்கோட்டையும் தாண்டி மறுபுறம் போய்விட்டது. வளைந்த குழலின் வலச் சுவரில் உரசி உருண்டதால் வந்த சுழற்சி அதை வலப்பக்கம் இழுத்தது. திரைகளில் விழுந்த ஓட்டைகளே சாட்சி. கிழக்கிந்தியக் கம்பெனியின் பொறியாளராக நம் பக்கம் வந்த ராபின்ஸ், 1751-ல் கடலூர் புனித டேவிட் கோட்டையில் காலமானார். சிதம்பரத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணம்தான் அந்த இடம்.

இதனால்தான் வழவழப்பான குழலில் உருண்டைக் குண்டை நாற்பது, ஐம்பது மீட்டருக்கு மேல் நம்ப முடியாது. இதைச் சமாளிக்க 1885-ல் ஃபாஸ்பெரி என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி ஒரு வழி கண்டுபிடித்துக் காப்புரிமை வாங்கினார். குழல் முழுவதும் வழவழப்பு, நுனியில் சில அங்குலத்துக்கு மட்டும் சுருள் பள்ளம். ரவையும் சுடலாம், குண்டும் சுடலாம். பேரடாக்ஸ் என்ற பெயரில் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனம் செய்த இந்தத் துப்பாக்கியை இந்தியக் காடுகளுக்கு வந்த வெள்ளைக்காரர்கள் விரும்பி வாங்கினார்கள். விலை அதிகம். சாதாரணக் குழல் வைத்திருப்பவருக்கு வேறு வழி வேண்டியிருந்தது.

ஸ்லக்: சுழலாமலே நேராகப் போவது எப்படி?

மார்கழி, தை மாதங்களில் ஊர்த் திடலில் விளக்கு கட்டி ஷட்டில் ஆடுவார்கள். இறகுப்பந்தை எப்படி அடித்தாலும், மட்டையை விட்டுக் கிளம்பியதும் ஒரு புரட்டுப் புரண்டு கார்க் முன்னால், இறகு பின்னால் என்று திரும்பிக்கொள்ளும். கார்க் கனம், இறகு லேசு. கனமான பக்கம் முன்னேற, லேசான பக்கத்தைக் காற்று பின்னால் பிடித்து இழுக்கிறது. சற்றே கோணினாலும் காற்றே அதை நேராக்கிவிடும். சுழற்சி தேவையே இல்லை. ஸ்லக்கின் ரகசியமும் இதுதான்.

ஜெர்மனியைச் சேர்ந்த வில்ஹெல்ம் பிரென்னக்கே 1898-ல் செய்த ஸ்லக் திடமான ஈயக் கட்டி. அதன் அடியில் லேசான வாட்டைத் திருகாணியால் பொருத்திவிட்டார். குழலை விட்டு வெளியே வந்த பிறகும் வாட் கழலாது, வால் போலக் கூடவே போகும். அமெரிக்கரான கார்ல் ஃபாஸ்டர் 1931-ல் வேறு மாதிரி யோசித்தார். வால் எதுவும் ஒட்டாமல், ஈயக் கட்டியின் பின்பக்கத்தையே உள்ளே குடைந்துவிட்டார். நெடுக்கு வெட்டாக வெட்டிப் பார்த்தால் முன்பக்கம் தடித்த ஈயம், பின்பக்கம் தையல்காரர் விரலில் மாட்டும் அங்குஸ்தான் அளவுக்குக் குழிவு. கனம் முழுக்க மூக்கில் இருக்கிறது. 12 போரில் இது வழக்கமாக ஓர் அவுன்ஸ், அதாவது 28 கிராம் சொச்சம். கிளம்பும் வேகம் நொடிக்கு 480 மீட்டர் அளவில்.

இப்போது அந்தப் புரி விஷயம். இரண்டு வகை ஸ்லக்கிலும் பக்கவாட்டில் சாய்வாக வரிவரியாக இருக்கும். அவற்றைப் பார்த்துத்தான் "திருகிக்கொண்டே போகும்" என்ற நம்பிக்கை வந்தது. கொஞ்சம் சுழற்சி வரலாம். ஆனால் ஸ்லக்கை நேராக வைத்திருப்பது அது அல்ல. குழலின் நுனி குறுகலாக இருந்தால், ஸ்லக் நசுங்கி வெளியேற அந்த வரிகள் இடம் கொடுக்கின்றன. முக்கிய வேலை அதுதான்.

மூன்றாவதாக ஒரு வகை உண்டு: சேபோ ஸ்லக். குழலைவிடச் சிறிய குண்டைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருப்பார்கள். வெளியே வந்ததும் உறை கழன்று விழும். உட்சுருள் வெட்டிய ஸ்லக் குழலுக்கென்று செய்தது. அதில் நூறு மீட்டருக்கு மேலும் நன்றாகப் போகும். வழவழப்பான குழலில் போட்டால் சுழற்சி கிடைக்காமல் புரண்டு புரண்டு எங்கேயோ போகும். கூடுதல் விலை கொடுத்து மோசமான பலனை வாங்குவதுதான் அது.

சாதாரணக் குழலில் நல்ல ஸ்லக்கை அறுபது, எழுபது மீட்டர் வரை நம்பலாம். அதற்கும் பல நிபந்தனை. நம் துப்பாக்கிகளில் பின்குறி கிடையாது, நுனியில் ஒரு மணி மட்டும்தான். சுடுபவரின் கண்தான் பின்குறி; கன்னத்தை ஒரு விரற்கடை தூக்கினாலும் குண்டு மேலே போகும். இரட்டைக்குழலில் இரண்டு குழலும் ரவைக்கென்று சேர்த்து இணைத்தவை. ஸ்லக் போட்டால் இடக்குழல் ஓரிடத்திலும் வலக்குழல் வேறிடத்திலும் அடிப்பது சாதாரணம். அப்புறம், நூறு மீட்டர் போக ஸ்லக்குக்குக் கால் நொடி ஆகும். அதற்குள் கிட்டத்தட்ட ஓர் அடி கீழே இறங்கியிருக்கும். "ரைஃபிள் மாதிரியே" என்பது எவ்வளவு தவறு என்று இதிலிருந்தே தெரியும்.

குழலின் கழுத்து

பழைய துப்பாக்கியில் ஒற்றைக் குண்டு போடும் பேச்சு வந்தால் நான் முதலில் கேட்பது "சோக் என்ன?" என்றுதான். சோக் என்பது குழல் நுனியில் இருக்கும் குறுக்கம். ரவை சீக்கிரம் பரவாமல் பிடித்துவைக்க அதை அமைப்பார்கள். ஃபுல் சோக் என்றால் 12 போரில் நுனி சுமார் ஒரு மில்லிமீட்டர் குறுகியிருக்கும்.

துப்பாக்கியை மடக்கி, தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துவிட்டு, பின்பக்கம் வழியாக வெளிச்சத்தை நோக்கிப் பார்த்தால் உள்சுவர் வளையம் வளையமாகப் பளபளக்கும். நுனிக்குச் சற்று முன்னால் அந்த வளையங்கள் நெருங்கி ஒரு பட்டை நிழல் விழுந்தால் அங்கே சோக் தொடங்குகிறது. ஆனால் எவ்வளவு குறுகல் என்பதைக் கண் சொல்லாது. துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் அளவுகோல் இருக்கும்.

ஒரு மில்லிமீட்டர்தானே என்று நினைக்க வேண்டாம். குழலுக்குக் கச்சிதமான திட உருண்டையை ஃபுல் சோக்கில் சுட்டால், நசுங்க இடமில்லாமல் அது நுனியில் இறுகும். குழல் புடைக்கலாம், பிளக்கவும் பிளக்கலாம். ஈயமாவது மிருது, நாட்டுத் துப்பாக்கியில் போடும் பால்ரஸ் எஃகு, அது நசுங்கவே நசுங்காது. ஸ்லக் மிருதுவாகவும் வரி வைத்தும் இருப்பதால் பெரும்பாலும் தப்பிவிடும். அப்போதும் குறுக்கமே இல்லாத குழலோ மிகக் குறைந்த குறுக்கமோதான் அதற்கு ஏற்றது. தாத்தா காலத்து டமாஸ்கஸ் குழல், அதாவது இரும்புப் பட்டைகளை முறுக்கி அடித்துச் செய்த குழல் என்றால், இன்றைய தோட்டா எதையுமே போடாதீர்கள். அவை கரிமருந்தின் அழுத்தத்துக்குச் செய்தவை.

எவ்வளவு தூரம் போகும்?

இங்கேதான் இரண்டு தூரங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். குறி தவறாத தூரம் ஒன்று. குண்டு உயிரைக் குடிக்கக்கூடிய தூரம் இன்னொன்று. "நூறு கெஜம் தாண்டாது" என்று சொல்பவர்கள் முதலாவதை இரண்டாவதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

ஈய உருண்டைகளுக்கு ஜூர்னே என்ற பிரெஞ்சு ராணுவ அதிகாரியின் பெயரால் ஒரு எளிய கணக்கு இருக்கிறது. விட்டத்தின் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் ஏறக்குறைய 80 மீட்டர், அதுதான் சாய்வாக மேலே சுட்டால் போகக்கூடிய அதிகபட்ச தூரம். 2.6 மில்லிமீட்டர் உள்ள 6-ம் நம்பர் ரவை 200 மீட்டர் சொச்சம் போகும். எஸ்.ஜி. ரவை 650 மீட்டர் தாண்டும். 17 மில்லிமீட்டர் உருண்டைக் குண்டு என்றால் 1,300 மீட்டருக்கு மேல். ஸ்லக் கோளம் அல்ல, என்றாலும் அதையும் கிலோமீட்டர் கணக்கில்தான் யோசிக்க வேண்டும்.

நம் கணக்கில் சொல்கிறேன். சதுரமான ஒரு வேலி நிலத்தின் ஒரு பக்கம் 160 மீட்டர் சொச்சம். ஸ்லக்கை நம்பக்கூடிய தூரம் அதில் பாதிகூட வராது. அது ஆபத்தாகப் போகக்கூடிய தூரமோ வரிசையாக ஆறு, ஏழு வேலி. டெல்டாவில் ஆறு வேலி தாண்டினால் ஒரு தெரு இருக்கும், ஒரு பம்பு செட்டு இருக்கும், நாற்றுப் பறிக்கும் பெண்கள் இருப்பார்கள். நடுவில் குண்டைத் தடுக்க மலையோ மேடோ கிடையாது. வரப்பு முழங்கால் உயரம்.

இதே மாதிரி சமவெளி விவசாய மாநிலங்கள் அமெரிக்காவிலும் உண்டு. இல்லினாய் போன்ற மாநிலங்களில் மான் வேட்டைக்கு ரைஃபிளைத் தடுத்து, ஸ்லக்கைப் பல காலம் அனுமதித்தார்கள். ஸ்லக் சீக்கிரம் விழுந்துவிடும், ஜனங்களுக்குப் பாதுகாப்பு என்ற எண்ணம்தான் காரணம். மேலே தூக்கிச் சுட்டால் அது உண்மை. ரைஃபிள் குண்டு பல மடங்கு தூரம் போகும். ஆனால் 2007-ல் பென்சில்வேனியா மாநிலச் சட்டமன்றத்துக்காக நடந்த ஓர் ஆய்வு வேறொன்றையும் கணக்கில் எடுத்தது. தரைக்கு இணையாகச் சுடும்போது குண்டு மண்ணில் பட்டுத் தெறித்துப் போகும் தூரத்தையும் சேர்த்தால், ஸ்லக் ரைஃபிளைவிடக் குறைவாகப் போகும் என்று சொல்ல முடியவில்லை. வேகமான ரைஃபிள் குண்டு தரையில் பட்டால் பெரும்பாலும் உருக்குலைந்து வேகமிழக்கும். மெதுவான கனத்த ஸ்லக் முழுசாகவே தெறித்து எழும்.

நம் வயலில் இதற்கு மேல் தண்ணீரும் இருக்கிறது. ஈய உருண்டை தண்ணீர்ப் பரப்பில் ஐந்து டிகிரிக்கும் குறைந்த கோணத்தில் பட்டால் மூழ்காது, எகிறிப் போகும். நின்றபடி முப்பது மீட்டர் தள்ளி இருக்கும் பன்றியின் காலடியை நோக்கிச் சுட்டால் கோணம் மூன்று டிகிரிக்கும் கீழே. நடவு முடிந்து தண்ணீர் கட்டிய வயலில், குறி தப்பிய குண்டு அங்கேயே புதைந்துவிடும் என்று நம்புவது வீண். கோடையில் வெடித்துக் காய்ந்த மண் இன்னும் மோசம். அதில் இதைவிடச் செங்குத்தாகப் பட்டாலும் தெறிக்கும்.

யார், எப்படிச் சுடலாம்?

சட்டம் சுருக்கமாக. பயிருக்கு ஆபத்து என்றாலும் வன உயிரினத்தைச் சுட வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். காட்டுப்பன்றி குறித்துத் தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் வெளியிட்ட முடிவின்படி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் பயிரை அழிக்கும் பன்றிகளைச் சுடலாம். சுட வேண்டியவர்கள் பயிற்சி பெற்ற வனத்துறையினர். உரிமத் துப்பாக்கி வைத்திருப்பவர் தானே இறங்க முடியாது. இந்த நிபந்தனையைக் கெடுபிடி என்று சொல்பவர்கள் மேலே சொன்ன ஆறு வேலிக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும்.

அப்படிச் சுடுபவர்களுக்கும் சமவெளியில் இருக்கும் ஒரே தடுப்பு மண்தான். அதைப் பயன்படுத்தத்தான் உயரத்திலிருந்து சுடுகிறார்கள். ஐரோப்பாவில் வேட்டைக்காரர்கள் வயலோரத்தில் மர ஏணியோடு உயர்ந்த இருக்கை கட்டுவது பார்வை நன்றாகத் தெரிய மட்டும் அல்ல. நம் ஊரில் கிளி விரட்டக் கட்டும் பரணிலும் இதே பலன் கிடைக்கும். துப்பாக்கி தரையிலிருந்து நான்கு மீட்டர் உயரத்தில் இருந்து, பன்றி இருபது மீட்டருக்குள் வந்தால், குண்டு பதினோரு டிகிரிக் கோணத்தில் இறங்கும். ஈரச் சேறு என்றால் அது அங்கேயே புதைய நல்ல வாய்ப்பு. முப்பது மீட்டருக்குப் போனால் கோணம் ஏழரை. நாற்பத்தைந்து மீட்டரில் மறுபடியும் ஐந்து டிகிரிக்கு வந்துவிடும். ஸ்லக் அந்தத் தூரத்தில் குறி தவறாது என்றாலும், பரணில் இருப்பவர் அங்கே விரலை எடுத்துவிட வேண்டும்.